"ஒட்டிக் குடு!": குழந்தையின் அடமும் பெரியவர்களின் ஆத்திரமும், படிப்படியாக ஒரு வழிகாட்டி

எங்கள் பையனுக்கு அப்போது இரண்டரை வயது. இரவு ஏழேகால் மணி இருக்கும். சூடு ஆறட்டும் என்று அவன் தட்டிலிருந்த தோசையை நான்காகப் பிய்த்து வைத்தேன். ஒரு நொடி தட்டையே பார்த்தான். "ஒட்டு!" என்றான். எனக்குப் புரியவில்லை. "ஒட்டிக் குடு!" என்று கத்தியபடி தட்டைத் தள்ளிவிட்டு, தரையில் மல்லாந்து விழுந்து, குதிகாலால் தரையை உதைத்து உதைத்து அழுதான். புதிதாக ஒன்று வார்த்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம். அந்தத் தோசைதான் வேண்டும், அதுவும் முழுசாக வேண்டும். பிய்த்ததை ஒட்ட முடியாது கண்ணா என்று விளக்கினேன். விளக்க விளக்க அவன் அழுகை ஏறியது. என் குரலும் ஏறியது.

பூஜை அலமாரிப் பக்கமிருந்து அத்தை எட்டிப் பார்த்தார். "அவனுக்கு இப்ப காது மூடிக்கிச்சும்மா. நீ பேசாம பக்கத்துல உக்காரு."

உட்கார்ந்தேன். மூன்று நிமிடமோ நான்கோ. கத்தல் விம்மலாகி, விம்மல் சிணுங்கலாகி, தவழ்ந்து வந்து என் மடியில் ஏறினான். அதே பிய்த்த தோசையைத் தின்றான்.

பிறகு இந்த விஷயத்தைப் பற்றி நிறையப் படித்தேன், மருத்துவர்களிடம் கேட்டேன், என் இரண்டு பிள்ளைகளிடமும் பார்த்தேன். அத்தை சொன்ன அந்த ஒரு வரியைவிடச் சரியான விளக்கம் கிடைக்கவில்லை. காது மூடியிருக்கும் நேரம் ஒன்று, திறந்திருக்கும் நேரம் ஒன்று. மூடியிருக்கும்போது துணையாக இருக்க வேண்டும். திறந்த பிறகுதான் பேச வேண்டும். குழந்தைக்கும் இதுதான், நாற்பது வயதுக்காரருக்கும் இதுதான். ஆனால் பெரியவர் விஷயத்தில் கூடுதலாக ஒரு பொறுப்பு இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

படி 1: அந்த நிமிடங்களில் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

மூளைக்குள் பாதாம்பருப்பு அளவில் அமிக்டலா என்றொரு பகுதி இருக்கிறது. ஆபத்து, ஏமாற்றம் எது வந்தாலும் முதலில் மணியடிப்பது அதுதான். இதயம் வேகமாகத் துடிக்கும், தசைகள் முறுக்கேறும், மூச்சு மேலே மேலே வாங்கும். "பொறு, இது தோசைதான்" என்று சொல்லி அடக்க வேண்டியது நெற்றிக்குப் பின்னாலிருக்கும் முன்மூளை. அந்தப் பகுதி முழுதாக முதிர ஏறக்குறைய 25 வயது ஆகிறது. இரண்டு வயதில் அது கட்டத் தொடங்கிய வீடு மாதிரி. போதாக்குறைக்கு, அந்த வயதில் குழந்தை இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசவே இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது. 'நான் முழுத் தோசையை எதிர்பார்த்தேன், நீ என்னைக் கேட்காமல் பிய்த்துவிட்டாய்' என்று சொல்ல அதனிடம் வாக்கியம் இல்லை. உடம்பு இருக்கிறது. உடம்பால் சொல்கிறது.

இதை ஆராய்ச்சியாளர்கள் வெகுகாலமாகவே உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள். அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் புளோரன்ஸ் குட்எனஃப் என்ற உளவியலாளர், தாய்மார்களையே நோட்டில் எழுதச் சொல்லி, 45 குழந்தைகளின் 1,878 கோப வெடிப்புகளைத் தொகுத்து 1931இல் வெளியிட்டார். சாப்பாட்டுக்கு முன்னும் தூக்க நேரத்திலும் கோபம் கூடுவதை அன்றே அவர் கண்டுவிட்டார். 2003இல் மைக்கேல் பொடேகல், ரிச்சர்ட் டேவிட்சன் இருவரும், பதினெட்டு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள 335 குழந்தைகளின் அடத்தைப் பெற்றோர் எழுதியபடி முப்பது முப்பது நொடியாகப் பிரித்துப் பார்த்தார்கள். முக்கால்வாசி ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டன.

அவர்கள் கண்டதில் எனக்கு மிகவும் உதவியது இது: அடத்துக்குள் இரண்டு உணர்வுகள் ஓடுகின்றன. ஒன்று கோபம், கத்துவது, உதைப்பது, எறிவது. இது தொடக்கத்திலேயே உச்சிக்குப் போய் வேகமாக இறங்குகிறது. இன்னொன்று துக்கம், அழுகை, சிணுங்கல், யாராவது தூக்க மாட்டார்களா என்ற ஏக்கம். கோபம் வடிந்த பிறகு மிஞ்சி நிற்பது அதுதான். கோபம் உச்சியில் இருக்கும்போது தூக்கப் போனால் பிள்ளை வில்லாக வளைந்து உதைக்கும். அதே பிள்ளை இரண்டு நிமிடம் கழித்து தானே மடி தேடி வரும். முதலில் உதைத்ததை வைத்து 'என்னை வேண்டாம் என்கிறான்' என்று எழுந்து போய்விடாதீர்கள். கோபம் வடியும் நேரத்தில் நீங்கள் அங்கே இருக்க வேண்டும்.

இன்னொன்றும் அந்த ஆய்வில் இருந்தது. முதல் முப்பது நொடிக்குள் காலை உதறி மிதிக்கிற, அல்லது தரையில் விழுகிற குழந்தையின் அடம் சீக்கிரம் முடிகிறது. பார்க்க பயங்கரமாக இருக்கும், ஆனால் அடுப்பில் பொங்கிய பாலைப் போல உடனே அமர்ந்துவிடும்.

படி 2: கேட்டு அடம்பிடிக்கிறானா, தாங்காமல் உடைகிறானா?

கடையில் சாக்லேட் கேட்டு அழும் பிள்ளை இடையிடையே உங்கள் முகத்தைப் பார்க்கும். நீங்கள் நகர்ந்தால் எழுந்து வந்து உங்கள் முன்னால் மறுபடி விழும். கேட்டது கைக்கு வந்ததும் அழுகை நின்றுவிடும். இது கேட்டுப் பிடிக்கிற அடம்.

கல்யாண மண்டபத்தில் நடப்பது வேறு. நாதஸ்வரம், மைக், கழுத்தை உறுத்தும் பட்டுச் சட்டை, ஆளாளுக்குக் கன்னத்தைக் கிள்ளும் உறவுக்காரர்கள், மூன்றாம் பந்தியில்தான் இடம் கிடைக்கும் என்பதால் பசி. அங்கே உடைகிற குழந்தைக்கு எதைக் கொடுத்தாலும் அழுகை நிற்காது, ஏனென்றால் அது எதையும் கேட்கவில்லை. அந்த இடத்தைவிட்டு வெளியே தூக்கிப் போய், சட்டையைத் தளர்த்தி, மரத்தடியில் பத்து நிமிடம் நின்றால் போதும்.

முதலாவதற்கு உறுதி வேண்டும். இரண்டாவதற்கு ஓய்வு வேண்டும். பெரும்பாலான நாட்களில் இரண்டும் கலந்தே வரும். சாக்லேட்டில் தொடங்கி, களைப்பில் போய் முடியும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குச் சத்தமும் வெளிச்சமும் உடையின் உறுத்தலுமே தாங்க முடியாத சுமையாகலாம். அதை அடம் என்று பெயரிட்டுத் தண்டிப்பது பெரும் அநியாயம்.

படி 3: இரண்டு வாரம் எழுதி வையுங்கள்

நான் தினசரி நாட்காட்டியில் கிழித்த தாள்களின் பின்பக்கத்தில் எழுதினேன். மணி எத்தனை, அதற்கு முன் என்ன நடந்தது, என்ன செய்தான், நான் என்ன செய்தேன், எப்படி முடிந்தது, எத்தனை நிமிடம். ஆறு சிறிய வரிகள். 'சும்மா சும்மா அழுகிறான்' என்றுதான் அதுவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். பதினான்கு தாள்களையும் கட்டிலில் பரப்பிப் பார்த்தபோது பெரும்பாலானவற்றில் ஆறரையிலிருந்து ஏழரைக்குள் நேரம் எழுதியிருந்தது. பகல் தூக்கம் விட்டுப்போன நாட்களில் இரண்டு முறை. தோசை நடந்த நாளும் அப்படித்தான்.

இரவுச் சாப்பாட்டை ஆறரைக்கு நகர்த்தினோம். சாயங்காலம் நாலு மணிக்குப் பிஸ்கட் கொடுத்துவந்த இடத்தில் வாழைப்பழமும் கொஞ்சம் சுண்டலும் வந்தன. பகலில் ஒரு மணி நேரமாவது படுக்க வைத்தோம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ஒன்று முதல் இரண்டு வயது வரை பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 11 முதல் 14 மணி நேரமும், மூன்று நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரமும் தூக்கம் வேண்டும். நம் வீடுகளில் சீரியல் முடிந்து பெரியவர்கள் படுக்கும்போதுதான் குழந்தையும் படுக்கிறது. மறுநாள் அதன் பலனை நாமே அனுபவிக்கிறோம்.

படி 4: வராமல் இருக்க வழி செய்யுங்கள்

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நேரம்தான் ஆபத்தான நேரம். விளையாட்டிலிருந்து குளியலுக்கு, பூங்காவிலிருந்து வீட்டுக்கு, செல்போனிலிருந்து சாப்பாட்டுக்கு. திடீரென்று பிடுங்காதீர்கள். 'ஐந்து நிமிடம்' என்றால் மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. 'இன்னும் மூணு தடவை சறுக்கிட்டு வா, போலாம்' என்றால் தெரியும். 'இந்தப் பாட்டு முடிஞ்சதும் போனை அம்மா கையில குடு' என்றால் தெரியும். பாட்டின் நடுவில் அணைப்பதற்கும் முடிந்ததும் அணைப்பதற்கும் உள்ள வித்தியாசம் பெரியது. இரண்டு வயதுக்கு முன் திரையே வேண்டாம், நான்கு வரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது அதே வழிகாட்டுதல்.

சின்னச் சின்ன முடிவுகளைப் பிள்ளையிடம் விடுங்கள். 'சட்டை போடு' என்பதைவிட 'நீலமா, மஞ்சளா?' நல்லது. நாள் முழுக்க எல்லாவற்றையும் அடுத்தவரே முடிவு செய்யும் வாழ்க்கையில் நமக்கே மூச்சு முட்டும். தோசை விஷயத்தில் நான் செய்திருக்க வேண்டியதும் இதுதான்: 'பிச்சுத் தரட்டுமா, முழுசா வேணுமா?'

படி 5: நடுவில் இருக்கும்போது

முதலில் பாதுகாப்பு. சுவர் முனை, படிக்கட்டு, அடுப்பு, சாலை எதுவாக இருந்தாலும் பிள்ளையை அங்கிருந்து நகர்த்துங்கள். தலையைத் தரையில் முட்டினால் அடியில் ஒரு தலையணையோ உங்கள் உள்ளங்கையோ போதும். அடிக்க வந்தால் கையை மெல்லப் பிடித்து, 'அடிக்க விடமாட்டேன்' என்று ஒரே முறை சொல்லுங்கள்.

அடுத்தது உங்கள் உடம்பு. நின்றுகொண்டு மேலிருந்து பேசாதீர்கள், உட்காருங்கள். மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள். குழந்தைக்குத் தன்னை அமைதிப்படுத்தத் தெரியாது. பக்கத்திலிருக்கும் பெரியவரின் அமைதியைத்தான் கடன் வாங்கும். உங்களிடம் இல்லாததை அது எங்கே வாங்கும்? உங்களுக்கே தாங்கவில்லையென்றால் பிள்ளையைப் பாதுகாப்பான இடத்தில் விட்டு, வீட்டில் இன்னொருவரைக் கூப்பிட்டுவிட்டு, இரண்டு நிமிடம் நகர்ந்து நில்லுங்கள். அது கைவிடுவது ஆகாது.

பேச்சு மிகக் குறைவாக இருக்கட்டும். 'கோபமா இருக்கு. அம்மா இங்கதான் இருக்கேன்.' இதற்கு மேல் வேண்டாம். காரணம் சொல்வது, கேள்வி கேட்பது, அறிவுரை சொல்வது எல்லாம் காது மூடிய நேரத்தில் இரைச்சல் மட்டுமே.

'பூச்சாண்டி வருவான்', 'போலீஸ்ல பிடிச்சுக் குடுத்துடுவேன்', 'டாக்டர் ஊசி போடுவார்', 'உன்னை விட்டுட்டுப் போயிடுவேன்.' நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்தவைதான். அழுகை நிற்கிறதே என்று தோன்றும். கோபத்தின் மேல் பயத்தை ஏற்றியதால் வாயடைத்து நிற்கிறது, அவ்வளவுதான். காய்ச்சல் வந்து நிஜமாகவே மருத்துவரிடம் போகும் நாளில் இதன் விலை தெரியும். அடியும் அப்படியே. கோபம் வந்தால் கை நீட்டலாம் என்பதைத்தான் அந்த அடி கற்றுக்கொடுக்கிறது.

இனி கடினமான பகுதி. முடியாது என்று சொன்னதை அழுகைக்காகக் கொடுக்காதீர்கள். ஒருநாள் பத்து நிமிட அழுகைக்குப் பின் கொடுத்தால், பத்து நிமிடம் அழ வேண்டும் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. எப்போதாவது கிடைக்கும் பரிசுதான் ஒரு பழக்கத்தை மிகக் கெட்டியாக ஊன்றுகிறது என்பது உளவியலில் பல பத்தாண்டுகளாக நிரூபணமானது. கொடுக்கிற எண்ணம் இருந்தால் முதல் முறை கேட்டபோதே சிரித்த முகத்தோடு கொடுத்துவிடுங்கள். நீங்கள் உறுதியாக நிற்கத் தொடங்கிய முதல் வாரத்தில் அடம் குறையாது, கூடும். பழைய சாவி திறக்கவில்லை என்றதும் இன்னும் வேகமாகத் திருகிப் பார்ப்பதுபோல. அந்த வாரத்தில் பின்வாங்கினால் முன்பைவிட மோசமாகிவிடும்.

கூட்டுக் குடும்பத்தில் இது ஒருவர் கையில் இல்லை. நான் மறுப்பேன், மாமா வாசலுக்குத் தூக்கிப் போய் வாங்கிக் கொடுப்பார். பிள்ளை எதிரில் இதைப் பேசினால் சண்டையாகிவிடும். ஒருநாள் மதியம் அவர் பேப்பர் படித்து முடித்த நேரத்தில் போய்ச் சொன்னேன்: "மாமா, நீங்க அவனுக்கு வாங்கிக் குடுக்குறது எனக்குச் சந்தோஷம்தான். அழுது முடிச்சப்புறம் குடுக்குறதுதான் பயமா இருக்கு. அவன் கேக்கறதுக்கு முன்னாடியே குடுத்துடுங்களேன்." அவருக்கு அது பிடித்துவிட்டது. தாத்தாவின் செல்லமும் போகவில்லை, அழுகைக்குக் கூலியும் கிடைக்கவில்லை. வீட்டில் எல்லோரும் சேர்ந்து மூன்றே மூன்று 'கூடாது'களை மட்டும் வைத்துக்கொண்டோம்: அடிக்கக் கூடாது, தெருவில் கையை விடக் கூடாது, சாப்பிடும்போது போன் கூடாது. மற்றவற்றில் விட்டுக்கொடுக்கலாம்.

பேருந்திலும் கடையிலும் வந்தால் கூட்டத்தைப் பார்க்காதீர்கள். யாராவது ஒரு பாட்டி நல்ல மனதோடு மிட்டாய் நீட்டுவார். 'பரவால்லம்மா, கொஞ்ச நேரத்துல சரியாயிடுவான்' என்று சொல்லி வாங்காமல் நகருங்கள். கூடையை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தாலும் தப்பில்லை.

படி 6: காது திறந்த பிறகு

தண்ணீர் கொடுங்கள். முகம் துடையுங்கள். மடியில் வையுங்கள். அரை மணி கழித்து இரண்டே வாக்கியம்: 'தோசை பிஞ்சதும் உனக்குக் கோவம் வந்துச்சு. அடுத்த தடவை முழுசா வேணும்னு சொல்லு.' உணர்வுக்குப் பெயர் வைப்பது வெறும் ஆறுதல் பேச்சு இல்லை. மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007இல் பெரியவர்களை மூளை வரைபடக் கருவியில் வைத்துப் பார்த்தபோது, முகத்தில் தெரியும் உணர்வுக்குச் சொல் கொடுத்தவர்களின் அமிக்டலா அடங்குவதைக் கண்டார்கள். நாம் பிள்ளைகளுக்குக் 'கோபம்' என்ற ஒரே சொல்லைக் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். ஏமாற்றம், பயம், வெட்கம், பொறாமை, சலிப்பு, ஏக்கம் எல்லாவற்றையும் கதை சொல்லும்போதும் கோலம் போடும்போதும் புழங்கவிடுங்கள்.

எறிந்த தட்டை எடுத்து வைப்பதில் பிள்ளைக்கும் பங்கு உண்டு. திட்டாமல், சேர்ந்து எடுங்கள்.

படி 7: எப்போது மருத்துவரிடம் போவது

ஆன்டி பெல்டன் குழுவினர் 2008இல் மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகள் 279 பேரைப் பார்த்து, கவனிக்க வேண்டிய அடையாளங்களைச் சொன்னார்கள்: பெரும்பாலான முறை ஆட்களையோ பொருட்களையோ தாக்குவது, தன்னையே கடித்து, தலையை முட்டிக் காயப்படுத்துவது, சராசரியாக 25 நிமிடத்துக்கு மேல் நீடிப்பது, மாதத்தில் பத்து இருபது முறை, அல்லது பல நாட்கள் ஒரே நாளில் ஐந்து முறைக்கு மேல் வருவது, யாராவது வந்து தேற்றாமல் ஒருபோதும் தானாக அடங்காதது. எப்போதோ ஒருநாள் நடந்தால் பதற வேண்டாம், வழக்கமாகவே இப்படி என்றால் போய்க் காட்டுங்கள். பேச்சு தாமதமாகும் பிள்ளைக்கும், காது சரியாகக் கேட்காத பிள்ளைக்கும் அடம் கூடுதலாக இருக்கும் என்பதால் அதையும் சோதிக்க வேண்டும். மாவட்ட அளவில் அரசு மருத்துவமனைகளில் இயங்கும் தொடக்கநிலை இடையீட்டு மையங்களில் இவற்றை ஒரே இடத்தில் பார்க்கிறார்கள்.

அழுது அழுது மூச்சடைத்து, உதடு நீலம் பாரித்து, சில நொடி நினைவு தப்பும் குழந்தைகள் உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் தொடங்கி, பெரும்பாலும் ஐந்தாறு வயதுக்குள் தானாக நின்றுவிடும். பக்கவாட்டில் படுக்க வையுங்கள். வாயில் எதையும் ஊற்றாதீர்கள், குலுக்காதீர்கள். முதல் முறை வந்ததும் மருத்துவரிடம் காட்டுவது கட்டாயம், ஏனென்றால் வலிப்பும் இதயத் துடிப்புக் கோளாறும் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். கூடவே ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள். இந்த மூச்சடைப்புக்கும் இரும்புச்சத்துக் குறைவுக்கும் தொடர்பு உண்டு. இரும்புச்சத்து மருந்து கொடுத்ததும் பலருக்குக் குறைகிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் இந்தியாவில் ஆறு மாதத்துக்கு மேல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 67.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. அதனால் இந்த மூச்சடைப்பை 'பிடிவாதம்' என்று ஒதுக்கிவிடக் கூடாது.

படி 8: இப்போது நம்மைப் பார்ப்போம்

ஒரு ஜூன் மாதக் காலை. எட்டு பத்துக்குப் பள்ளி வேன். பெண்ணின் டிபன் டப்பாவின் மூடி சரியாகப் பூட்டவில்லை. அந்தப் பக்கம் அழுத்தினால் இந்தப் பக்கம் எழும்பியது. முதல்நாள் இரவு நான் நான்கு மணி நேரம்தான் தூங்கியிருந்தேன். மூன்றாவது முறை மூடி எழும்பியதும் டப்பாவைச் சுவரில் எறிந்தேன். சாம்பார் சாதம் சுவரெல்லாம் வழிந்தது. 'யாருமே எனக்கு ஒரு கை கொடுக்கிறதில்ல!' என்று கத்தினேன். ஏழு வயது மகள் ஒன்றும் பேசவில்லை. பிடித்துணியை எடுத்து வந்து, சீருடையோடு மண்டியிட்டு, சுவரைத் துடைக்கத் தொடங்கினாள்.

தோசைக்கு அழுதவனுக்கும் எனக்கும் உடம்பில் நடந்தது ஒன்றுதான். களைப்பு, தடை, வெடிப்பு. ஆனால் அவன் வெடித்தபோது யாரும் பயப்படவில்லை. நான் வெடித்தபோது ஒரு குழந்தை பயந்தது. அதே டப்பா அலுவலகத்தில் மேலாளர் முன்னால் மூடவில்லை என்றால் நான் எறிந்திருப்பேனா? மாட்டேன். அப்படியானால் எனக்குள் அடக்கும் சக்தி இருக்கத்தான் செய்கிறது. வீட்டில் அதைப் பயன்படுத்தவில்லை. நான் மேலே சொன்ன கூடுதல் பொறுப்பு இதுதான்.

பெரியவர்களின் முதல் வேலை, காது மூடுவதற்கு முந்தின நொடியை அடையாளம் காண்பது. சிலருக்குக் காதுமடல் சூடாகும். சிலருக்குத் தாடை இறுகும். நான் கையில் எடுத்த பாத்திரத்தை 'ணங்' என்று வைப்பேன். இப்போது அந்தச் சத்தம் எனக்கே எச்சரிக்கை மணி.

மணி அடித்ததும் இடத்தைவிட்டு விலகுங்கள், ஆனால் சொல்லிவிட்டு விலகுங்கள். 'என்னங்க, இப்ப பேசினா தப்பாப் பேசிடுவேன். அரை மணி நேரம் கழிச்சுப் பேசலாம்.' கதவை அறைந்துவிட்டுப் போவது தண்டனை. நேரம் சொல்லிவிட்டுப் போவது ஓய்வு. தம்பதிகளை ஆய்வுக்கூடத்தில் வைத்து நாடித்துடிப்பு பார்த்த ஜான் காட்மன், துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டினால் எதிராளி சொல்வது ஏறாது என்கிறார். உடம்பு அடங்கக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும். அந்த இருபது நிமிடத்தில் 'அவர் எப்படி அப்படிச் சொல்லலாம்' என்று மனதுக்குள் வழக்கு நடத்தினால் உடம்பு அடங்காது. பாத்திரம் கழுவுங்கள், துணி மடியுங்கள், உள்ளே இழுப்பதைவிட நீளமாக மூச்சை வெளியே விடுங்கள்.

கத்தித் தீர்த்தால் பாரம் இறங்கும், தலையணையைக் குத்தினால் சரியாகும் என்ற நம்பிக்கை தவறு. உளவியலாளர் பிராட் புஷ்மன் 2002இலேயே சோதித்தார்: கோபமூட்டியவரை நினைத்தபடி குத்துப்பையைக் குத்தியவர்களுக்குக் கோபம் கூடியது. 154 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2024இல் வந்த தொகுப்பும், உடம்பின் வேகத்தைக் குறைக்கும் மூச்சுப்பயிற்சி, தியானம், யோகா போன்றவையே கோபத்தைக் குறைக்கின்றன என்றது. உடம்புக்கும் கணக்கு உண்டு. பெருங்கோபம் வெடித்த அடுத்த இரண்டு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் ஏறக்குறைய ஐந்து மடங்காகிறது என்று 2014இல் வந்த தொகுப்பாய்வு காட்டியது. ஒருவருக்கு ஒருமுறை என்றால் சின்ன அபாயம். ஏற்கெனவே இதயநோயும் ரத்த அழுத்தமும் உள்ளவர் தினமும் வெடித்தால் சின்னதல்ல.

இரண்டு வார நோட்டை நமக்கும் போடலாம். தூக்கம், பசி, வலி, மது, கடன், மாதவிடாய் நாட்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் சாப்பாடு தாமதமாகும்போது காரணமில்லாமல் எரிந்து விழுந்தால், முதலில் சர்க்கரை அளவைப் பாருங்கள். தாழ்சர்க்கரை அப்படித்தான் வரும். தைராய்டு கூடினாலும் எரிச்சல் வரும். ஆண்களுக்கு மனச்சோர்வு பல நேரம் அழுகையாக வராமல் சிடுசிடுப்பாகவே வரும். சாதுவாக இருந்த அறுபது எழுபது வயதுக்காரர் திடீரென்று முரட்டுத்தனமாக மாறினால் 'வயசானா இப்படித்தான்' என்று விடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, பக்கவாதம், மறதிநோயின் தொடக்கம் எதுவாகவும் இருக்கலாம்.

வாரத்துக்கு இரண்டு முறை வீதம் மூன்று மாதம் கத்தல், வசை என்று வெடித்தாலோ, ஓராண்டுக்குள் மூன்று முறை பொருளை உடைத்து, ஆளைக் காயப்படுத்தும் அளவுக்குப் போனாலோ, அதைத் தனிக் கோளாறாகவே மனநல மருத்துவம் கணக்கில் எடுக்கிறது. சிகிச்சை இருக்கிறது. 14416 என்ற அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

படி 9: எதிரில் இருப்பவர் வெடித்தால்

வாதாடாதீர்கள், 'அமைதியா இருங்க' என்று கட்டளையும் இடாதீர்கள். தள்ளி நில்லுங்கள், பிள்ளைகளை வேறு அறைக்கு அனுப்புங்கள், அடங்கிய பிறகு, முடிந்தால் மறுநாள், நடந்ததை நேராகப் பேசுங்கள். பேசாமலேயே விட்டு, அவர் கேட்டதைச் செய்துகொண்டே போனால் சாக்லேட் கதைதான்.

ஒன்றை மட்டும் கறாராகப் பாருங்கள். அவர் வெளியாட்களிடம் வெடிக்கிறாரா, உங்களிடம் மட்டுமா? உடைப்பது அவர் போனையா, உங்கள் பொருட்களையா? வெடித்த பிறகு நீங்கள் யாரோடு பேசலாம், எங்கே போகலாம் என்பதெல்லாம் குறைந்துகொண்டே வருகிறதா? அப்படியென்றால் அது முன்கோபம் இல்லை, உங்களை அடக்கி வைக்கும் வழி. அதற்குப் பொறுமையும் பக்கத்தில் உட்காருவதும் மருந்தாகாது. பெண்களுக்கு 181, குழந்தைகளுக்கு 1098 என்ற எண்கள் இருக்கின்றன. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் வசைச்சொல்லையும் மனக்கொடுமையையும்கூட வன்முறையாகவே கொள்கிறது.

படி 10: பிள்ளையிடம் மன்னிப்புக் கேளுங்கள்

அன்று சாயங்காலம் மகள் வேனிலிருந்து இறங்கியதும் திண்ணையில் பக்கத்தில் உட்கார்த்தினேன். என்ன சொல்லக் கூடாது என்று பகலெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். 'ஆனா நீயும் சீக்கிரம் கிளம்பியிருக்கலாம்ல' என்று ஒட்டுப்போடக் கூடாது. அழுது, அவள் என்னைத் தேற்றும்படி செய்யக் கூடாது.

"காலைல அம்மா டப்பாவை எறிஞ்சது தப்பு. உன் மேல கோவமில்ல, உன்னால நடக்கவும் இல்ல. அம்மாவுக்குத் தூக்கம் இல்ல, அதை அம்மாதான் சரி பண்ணணும். சுவத்தைத் துடைக்கிறது உன் வேலை இல்ல தங்கம்."

வெகுநேரம் கால்விரலால் தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "அந்த மூடி கோணலா இருக்கும்மா. வேற டப்பா வாங்கிக்கலாமா?"

கடைத்தெருவுக்குப் போனோம். ஒவ்வொரு டப்பாவையும் அவளே மூடிப் பார்த்து, மூன்றாவதை எடுத்துக்கொண்டாள்.